முன்பணம் வாங்கியவர் யாருக்குச் சொந்தம்?

ஐப்பசியில் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை, திருச்செந்தூர்க் கடற்கரையில் லட்சக்கணக்கான பேர் நெருக்கியடித்து நின்று சூரசம்ஹாரம் பார்க்கிறார்கள். யானைமுகம், சிங்கமுகம், பிறகு சூரனின் சொந்த முகம் என்று ஒவ்வொரு தலையாகச் சாயும்போது அரோகரா கோஷம் ஊர் முழுக்கக் கேட்கும். போரை எல்லோரும் பார்க்கிறோம். போர் எதற்காக வந்தது என்பதைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறோம். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணம் அதை ஒளிக்காமல் சொல்கிறது. சூரபத்மன் தேவர்களை ஏவல் கொண்டான். இந்திரன் மகன் சயந்தனையும் மற்றவர்களையும் மகேந்திரபுரியில் சிறை வைத்தான். செந்திலில் பாசறை அமைத்த முருகன் எடுத்த எடுப்பில் வேலை எறியவில்லை. வீரவாகுவைத் தூது அனுப்பினார். அடைத்து வைத்தவர்களை விட்டுவிடு என்பதுதான் தூதின் சாரம். சூரன் மறுத்தான், போர் மூண்டது. ஆக, இந்தத் தலத்தின் கதையே சிறைமீட்பின் கதை. இதே கரையில் வடக்கே வீரபாண்டியன்பட்டினத்துத் தேவாலயம், அதையும் தாண்டினால் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்கள், தெற்கே ஆலந்தலை, மணப்பாடு. கடனுக்காக அழைத்துப் போகப்பட்டு, திரும்பி வர முடியாமல் உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த மூன்று சமயங்களும் பரிதாபத்தைத் தவிர வேறென்ன கடமைப்பட்டிருக்கின்றன என்பதே என் கேள்வி.

ஆள்கடத்தல் என்றதும் மனதில் ஓடும் படம் வேறு. வேனில் வந்து வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போகும் முரடன். விழிப்புணர்வு பேனர்களிலும் அவன்தான் இருக்கிறான். உண்மையில் வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் தெரிந்தவர். சித்தப்பா முறையாகவோ, ஏற்கெனவே மில்லுக்குப் போய்வந்த பெண்ணின் தாயாகவோ இருப்பார். வீட்டில் வட்டிக்கடன் இருப்பதும் மூத்தவளுக்கு வயது வந்துவிட்டதும் அவருக்குத் தெரியும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் தென்மாவட்டத்துப் பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டம் இந்த வழியில்தான் ஊருக்குள் நுழைந்தது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை. நடுவில் வந்துவிட்டால் அந்தத் தொகை கிடையாது. பஞ்சு தூசியும் இரவு ஷிஃப்டும் தாங்காமல் பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். சேர்த்துவிட்டவர் அடிக்க வேண்டியதில்லை, மிரட்டக்கூட வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "முன்பணம் வாங்கியிருக்கீகளே, அதுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டால் போதும். தாய் தலைகுனிந்து மகளின் பையை மறுபடி எடுத்து வைப்பாள். அந்த வீட்டைப் பூட்டிய பூட்டு அவளுடைய நேர்மை. வாங்கிய காசுக்கு வார்த்தை தவறக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, அவர்கள்தான் அந்தப் பூட்டைத் திறக்கவும் முடியும். சமயம் இந்த இடத்தில்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது.

நம்மிடம் வாய்மைக்கு உதாரணம் கேட்டால் உடனே வரும் பெயர் அரிச்சந்திரன். கோயில் திடலில் விடிய விடிய மயான காண்டம் பார்த்து அழுத தலைமுறைகள் உண்டு. கதையின் நடுவில் என்ன நடக்கிறது? விசுவாமித்திரருக்குக் கொடுக்க வேண்டிய பொன்னுக்காகக் காசி வீதியில் சந்திரமதியையும் லோகிதாசனையும் ஒருவரிடம் விற்கிறான். பிறகு தன்னையே சுடுகாட்டுக் காவலுக்கு விற்றுக்கொள்கிறான். இந்தக் கதையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதை எப்படிக் கேட்டோம் என்பதை ஒருமுறை யோசிக்க வேண்டும். கடன் கொடுத்தவரின் நோக்கம் பணம் அல்ல, அவனை விழவைப்பது. கடனே வலை. கூத்துப் பார்ப்பவர்களுக்கும் இது தெரியும். ஆனாலும் நாம் மனதில் ஏற்றிக்கொண்டது, சொன்ன சொல்லுக்காகப் பெண்டாட்டி பிள்ளையை விற்றாலும் அது தர்மம் என்பதை. கதையில் கடைசியில் தேவர்கள் வந்து பாம்பு தீண்டிய பிள்ளையை எழுப்பி, நாட்டையும் திருப்பிக் கொடுக்கிறார்கள். மில்லிலும் செங்கல் சூளையிலும் அப்படி யாரும் வருவதில்லை. வாய்மை பெரிய அறம், சந்தேகமில்லை. ஆனால் என்னுடையதை மட்டுமே நான் வாக்காகக் கொடுக்க முடியும். சந்திரமதி அரிச்சந்திரனின் உடைமையாக இருந்தாளா என்ற கேள்வியைக் கூத்து முடிந்த பிறகாவது கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி கேட்கப்படாததன் விலையைத் தமிழ்நாடு நெடுங்காலமாகக் கொடுத்துவந்திருக்கிறது. சோழர் காலத்தில், 1201இல், தஞ்சைப் பகுதியின் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தம் இரு பெண்மக்களோடு தம்மைக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைக் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சம். வாங்கியது கோயில், விற்றது தகப்பன், கட்டாயப்படுத்தியது பசி. கல்லில் வெட்டியதோ சம்மதத்தை. தூத்துக்குடியை 1658இல் பிடித்த டச்சுக் கம்பெனி, 1673க்கும் 1677க்கும் இடையில் பஞ்சமும் போரும் கலந்த வேளையில் மதுரைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேரை அடிமைகளாக ஏற்றி அனுப்பியது. முத்துக்கும் சங்குக்கும் பேர்போன துறைகளில் ஆட்களும் சரக்காகப் போயிருக்கிறார்கள். பிறகு பிரிட்டிஷ் ஆட்சி 1843இல் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரத்தை விலக்கியது. முன்பணத்தை விலக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் சேர்த்தது அதை வைத்துத்தான். ஊரில் கடனை அடைக்க ஒரு தொகை, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல், தோட்டத்தில் இறங்கும்போதே கணக்கில் பற்று. தோட்டம் மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை எழுதித் தரும் சீட்டு. கடனோடு ஆளும் கைமாறினார். 1921இல் இலங்கையில் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. எண்ணூறு ஆண்டில் வாங்குபவர்கள் மாறியிருக்கிறார்கள்: கோயில், கம்பெனி, தோட்டம், மில். பஞ்ச காலத்துப் பணமும் அதற்கு ஈடாக மனித உடம்பும் மாறவில்லை.

கோயிலே ஆள் வாங்கியிருக்கும்போது, சமயத்துக்கு இதைப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மழுப்பாமல் ஒப்புக்கொண்டுதான் பதில் தேட வேண்டும். பதில் பக்தி மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம். பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வருகிறார். உன் பாட்டன் எனக்கு வழிவழி அடிமை என்று எழுதிக்கொடுத்திருக்கிறான், வா என்கிறார். தலைமுறைக்கும் கட்டுப்படுத்தும் கொத்தடிமைப் பத்திரம் அது. சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அவர்கள் கிழவரின் வயதையும் பூணூலையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டார்கள், மூல ஓலை எங்கே என்றார்கள், பாட்டனின் கையெழுத்தை வேறு ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிழவராக வந்து கேட்டவர் சிவன் என்பதால் மட்டுமே அந்தப் பத்திரம் செல்லுபடியாகிறது. வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் அது அக்கிரமம். பல்லவ மன்னனின் ஆட்கள் அழைக்க வந்தபோது அப்பர் பாடிய மறுமாற்றத் திருத்தாண்டகத்தின் பொருளும் இதுவே: இறைவனுக்கு ஆளானவன் அரசன் ஆணைக்குக் கட்டுப்பட்டவன் இல்லை. ஒருவர் முழுக்க முழுக்க இறைவனுக்கு உரியவர் என்றால், அவர்மேல் வேறு மனிதர் எழுதி வாங்கும் உரிமை அத்தனையும் திருட்டு. திருப்பாம்புரத்தில் கோயில் செய்தது இந்தத் தத்துவத்தின் விளைவல்ல. இறைவனுக்கு உரியதைப் பண்டாரத்துக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டதுதான் அங்கே நடந்தது.

மற்ற இரு சமயங்களின் வரலாறும் இதே போலக் கலப்படமானதுதான். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரை பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். அதே 1537இல் போப்பாண்டவர் மூன்றாம் பால், அமெரிக்கப் பழங்குடிகளும் வேறெந்த மக்களும் கிறிஸ்தவர்களாக இல்லாவிட்டாலும் அவர்களை அடிமைப்படுத்தக் கூடாது என்று ஆணை எழுதினார். ஆனாலும் பஞ்சத்தில் தன்னை விற்றவனை வாங்குவது பாவமல்ல என்று வாதிட்ட இறையியலாளர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். போர்த்துக்கீசியக் கப்பல்களுக்கு அந்த வாதம் வசதியாக இருந்தது. இன்று கத்தோலிக்கத் திருச்சபை அதை விட்டுவிட்டது. சூடானில் சிறுமியாகக் கடத்தி விற்கப்பட்ட புனித பகிதாவின் திருநாளான பிப்ரவரி 8ஐ, 2015 முதல் ஆள்கடத்தலுக்கு எதிரான செப நாளாக வைத்திருக்கிறது. இஸ்லாத்தில் ஜகாத்தைப் பெறத் தகுதியானவர்கள் எட்டு வகை என்று குர்ஆன் வகுத்ததில் அடிமைத்தளையில் இருப்பவர்களும் கடனில் மூழ்கியவர்களும் தனித்தனி வகைகள். இரண்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருப்பவை என்பதை உப்பளத்து முன்பணம் வாங்கிய எவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விவிலியத்தின் யோசேப்பும் குர்ஆனின் யூசுஃப் நபியும் ஒருவர்தான். அண்ணன்மார் கிணற்றில் தள்ளினார்கள், வணிகக் கூட்டம் எகிப்துக்குக் கொண்டுபோய் விற்றது. வெளியூரான் கொண்டுபோனான், கொடுத்தவர்கள் வீட்டாள்கள். ஞாயிற்றுக்கிழமை மறையுரையிலும் வெள்ளிக்கிழமை குத்பாவிலும் இந்தப் பகுதியை எடுக்கும்போது, அடுத்த தெருவில் ஆள் சேர்க்கிற உறவினரைப் பற்றியும் பேசலாம் அல்லவா?

தானாகச் சம்மதித்துத்தானே போனார்கள் என்பதுதான் அடிக்கடி கேட்கும் வாதம். பட்டினியில் கிடைக்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் ஆராய்ந்திருக்கிறது. அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பில் சங்கிலியும் சாட்டையும் மட்டுமல்ல, பசியின் நிர்ப்பந்தமும் அடங்கும் என்று நீதிபதி பகவதி எழுதினார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு ஆள்கடத்தலுக்குப் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டே அல்ல என்கிறது. ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து இணங்கவைப்பதையும் கடத்தலின் வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சுரண்டும் நோக்கத்தோடு தகப்பன் கையில் வைக்கப்படும் முன்பணத்தைத்தான் சட்டம் சொல்கிறது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், கொத்தடிமைக் கடன் அத்தனையும் தீர்ந்துபோனது, அதைத் திருப்பித் தரும் பொறுப்பே யாருக்கும் இல்லை என்றது. கிட்டத்தட்ட ஐம்பது வருடமாகச் சட்டம் இப்படிச் சொல்லியும், திண்ணையில் உட்கார்ந்த ஏஜென்ட்டின் ஒரு கேள்வி அதை வென்றுவிடுகிறது. அந்தத் தாய்க்குச் சட்டம் தெரியாதது பாதிக் காரணம். தெரிந்தாலும், கட்ட வேண்டாம் என்று கலெக்டர் சொல்வதும், கட்டாவிட்டால் பாவமில்லை என்று அவள் கும்பிடும் இடத்திலிருந்து ஒருவர் சொல்வதும் அவளுக்கு ஒன்றல்ல.

அவரவர் தலையெழுத்து, முன்வினை என்று சொல்பவர்களும் உண்டு. திருச்செந்தூரில் நின்று இதைச் சொல்ல முடியாது. தேவர்கள் சூரனிடம் பட்ட துன்பம் தக்கன் வேள்வியில் கலந்துகொண்ட வினையால் வந்தது என்றுதான் கந்தபுராணமே சொல்கிறது. வினை அவர்களுடையதுதான், மறுப்பே இல்லை. அதற்காக முருகன் அனுபவித்துத் தீரட்டும் என்று விட்டுவிட்டாரா? துன்பத்தின் காரணம் எதுவாக இருந்தாலும், பார்ப்பவரின் கடமை மீட்பது என்பதையே அந்தப் புராணம் காட்டுகிறது. வினைக் கொள்கை என் தவறுக்கு என்னைப் பொறுப்பாக்கும். அடுத்தவர் விலங்குக்கு விளக்கம் சொல்லிவிட்டு நகர எனக்கு அனுமதி தராது.

இவற்றைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. முன்பணத்தைத் திருப்ப வேண்டாம் என்று கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் பேசினால், நாளைக்கு ஏழைக்கு யார் கடன் கொடுப்பார்கள்? இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். உப்பளத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் மாதக்கணக்கில் வேலை கிடையாது. உடன்குடிப் பக்கத்துப் பனையேறிக்குப் பதநீர் சுரக்கிற காலம் கொஞ்சம்தான். படகு முதலாளியும் அளத்துக்காரரும் கருப்பட்டி வியாபாரியும் கொடுக்கும் முன்பணத்தில்தான் பல வீட்டில் அந்த மாதங்களில் உலை கொதிக்கிறது. அவர்கள் எல்லோரையும் ஆள்பிடிக்கிறவர்கள் என்று சொன்னால் அது அநியாயம், யாரும் காதுகொடுத்துக் கேட்கவும் மாட்டார்கள். ஆகவே பிரித்துச் சொல்ல வேண்டும். பணம் வாங்கியவர் நாளைக் காலை வேலையை விட்டுவிட்டு, பாக்கியை வேறு சம்பாத்தியத்திலிருந்து கட்டலாமா? முடியும் என்றால் அது கடன். அதைக் கட்டத்தான் வேண்டும், கட்டாதது தவறு. போகவே விட மாட்டார்கள், ஆதார் அட்டையும் பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில், கணக்கும் அவர்களே எழுதுவது, உழைக்க உழைக்கப் பாக்கி ஏறுகிறது என்றால் அங்கே நடந்தது ஆள் விற்பனை. அதற்குக் கொடுத்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. கடன் வழி அடைந்துபோகும் என்ற பயத்துக்கு அருகிலேயே ஒரு பதிலும் உண்டு. திருவனந்தபுரம் கடற்கரையில் மரியநாடு என்ற மீனவ ஊரில், மறைமாவட்டத்தின் முயற்சியோடு வந்த சமூக ஊழியர்களும் மீனவர்களும் சேர்ந்து 1960களின் கடைசியில் தங்கள் சங்கத்தைக் கட்டினார்கள். மீன் ஏலத்தை வியாபாரி கையிலிருந்து எடுத்துக்கொண்டு, சேமிப்பையும் கடனையும் தாங்களே நடத்தினார்கள். அது கன்னியாகுமரி வரை பரவியது. வெறும் பேச்சு அதைச் செய்யவில்லை. பேச்சோடு ஒரு கணக்குப் புத்தகமும் இருந்தது.

பெண்களையும் இளைஞர்களையும் வெளியே போகாமல் தடுக்கத்தான் ஆள்கடத்தல் பற்றிய இந்தப் பயமுறுத்தல் உதவும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு. கடல் கடந்து பிழைப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 2020 ஜூலை 1 அன்று கடற்படையின் ஜலஷ்வா கப்பல் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. அவர்களில் நிறைய பேர் தமிழக மீனவர்கள். அவர்கள் கொரோனாவில் சிக்கிக்கொண்டவர்கள்; அவர்களைக் கடத்தப்பட்டவர்கள் என்று சொல்வது தவறு. ஆனால் வேலை கொடுப்பவரின் தயவு இல்லாமல் ஊர் திரும்ப முடியாத ஏற்பாட்டில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதை அந்தக் கப்பல் காட்டியது. 2022இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போகப்பட்ட தமிழ் இளைஞர்கள் மியான்மரின் இணைய மோசடி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டார்கள். படித்த பிள்ளைகள் அவர்கள். எனவே ஊர் கேட்க வேண்டியது ஏன் போகிறாய் என்றல்ல. யார் அழைக்கிறார், ஏஜென்ட்டுக்கு அரசுப் பதிவு இருக்கிறதா, சம்பளம் யார் கணக்கில் விழும், திரும்பி வரப் பணம் யாருடையது? திருவெண்ணெய்நல்லூர்ச் சபை ஒரு முதியவரிடமே மூல ஓலையைக் கேட்டது. நம் ஊர்க் கமிட்டிகளும் ஜமாஅத்தும் கத்தோலிக்க அன்பியங்களும் ஒரு தெரிந்த மனிதரிடம் வேலை ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. குழந்தை என்றால் 1098, பெண் என்றால் 181 என்ற எண்களைப் பள்ளிச் சுவரில் மட்டுமன்றி, கொடிமரத்துக்குப் பக்கத்திலும் எழுதிவைக்கலாம்.

மீட்ட பிறகு என்ன என்பதைப் பற்றிதான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான மறுவாழ்வுத் தொகை, குற்றவாளிக்குத் தண்டனை உறுதியானால்தான். வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த இடைவெளியில் பழைய ஏஜென்ட் புதிய முன்பணத்தோடு வருவார். காயல்பட்டினத்து ஜகாத் நிதியும் பங்கு ஆலயத்தின் ஏழையர் நிதியும் கோயில் அன்பர்களின் காணிக்கையும் போய்ச்சேர வேண்டியது இந்த வீடுகளுக்கு. பிடித்து வைத்தவனுக்கு மீட்புப் பணமாக ஒரு காசும் போகக் கூடாது. சட்டப்படி அவனுக்கு யாரும் பாக்கி இல்லை. அக்டோபரில் மழை இறங்கினால் உப்பு வாரும் வேலை நின்றுவிடும், மறுபடி தொடங்குவது பொங்கல் கழிந்துதான். எந்தெந்த வீட்டில் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள், அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வட்டிக்கும் எவ்வளவு தேவைப்படும் என்று மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டிய மாதம் செப்டம்பர்.